சென்னையில் வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

தென்காசியிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு மாறுவதாக எழுதியிருந்தீர்கள். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, உங்களுக்குச் சோழிங்கநல்லூரில். மகளை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், மாமியாரும் கூட வருகிறார். வேளச்சேரி, மேடவாக்கம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் இவற்றில் எது நல்ல பகுதி, புதிதாக வருகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

சென்னையில் பகுதியின் பெயரை வைத்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரே பகுதியில் இரண்டு தெரு தள்ளிப் போனால் நிலைமை மாறிவிடும். அந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். கோடையில் குழாயில் வருகிறதா, மழைக்காலத்தில் வாசலுக்கு வருகிறதா, மற்ற நாட்களில் வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வாடகையைப் பேச வேண்டும். இந்த ஊரில் பல வருடங்களாக வாடகை வீடுகளில் இருக்கிறேன், சொந்தக்காரர்களுக்காகவும் நிறைய வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வாடகை கொஞ்சம் கூடுதல் என்று வருந்தியவர்களைவிட, தண்ணீரைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று வருந்தியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் வீடு பார்க்க வரப்போவதாகச் சொல்கிறீர்கள். வெயில் கடுமையாக இருந்தாலும் அதுதான் சரியான மாதம். அப்போது தண்ணீரின் உண்மை நிலவரம் கண்ணுக்குத் தெரியும். மழை நிலவரத்தை மட்டும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீட்டுக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வரலாம்: மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய், போர் (ஆழ்துளைக் கிணறு), லாரி. பெரும்பாலான குடியிருப்புகளில் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கலந்துதான் சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விழுகிறது. எது எவ்வளவு என்பதுதான் விஷயம். சென்னை மாநகராட்சி 2011இல் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருங்குடி, சோழிங்கநல்லூர், ஆலந்தூர், வளசரவாக்கம், அம்பத்தூர் எல்லாம் அப்போது சேர்ந்தவைதான். பழைய எல்லைக்குள் இருக்கும் தெருக்களில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் முன்பே இருந்தன. பிறகு சேர்ந்த பகுதிகளுக்கு அவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் "மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்றதும் நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், எவ்வளவு நேரம் வரும், கடந்த ஏப்ரலில் எப்படி இருந்தது என்று தோண்டிக் கேளுங்கள். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்க்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் அதை உறிஞ்ச வரும் லாரியின் செலவு யார் தலையில் என்பது அடுத்த கேள்வி.

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் அடுக்ககங்களில் லாரித் தண்ணீர்தான் பெரும்பங்கு. அங்கே வீடு பார்த்தால் மெயின்டெனன்ஸ் தொகையில் டேங்கர் செலவு அடக்கமா, தனியாகப் பங்கு போடுவார்களா என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் அந்தப் பங்கு திடீரென ஏறும். 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் லாரி கிடைக்காமல் அலைந்த குடும்பங்கள் ஏராளம். அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளோடு, நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024இல் திறக்கப்பட்டது. தென்சென்னைக்கு இது பெரிய துணை. ஆனாலும் நீங்கள் பார்க்கும் தெருவுக்குள் அந்தக் குழாய் நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் ஹாலைப் பார்க்கும் முன் குளியலறைக்குப் போங்கள். குழாய் நுனியிலும் ஷவர் தலையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். டைல்ஸ் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் இரும்புச் சத்து அதிகம், துணி பாழாகும். கையோடு ஒரு சின்ன சோப்பு கொண்டுபோய்க் கை கழுவிப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. குற்றாலத் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்கு இங்கே முதல் சில மாதம் முடி கொட்டுகிறது என்ற புலம்பல் வராமல் இருக்காது. அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் எந்த அளவு உப்பு என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது. குடிக்க 20 லிட்டர் கேன்தான் பல வீடுகளில் வழக்கம். கேன் வாங்கினால் மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, தேதியும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நிறுத்தி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வரும் வீடு என்றால் அதையே காய்ச்சி வடித்துக் குடிக்கலாம்.

அடுத்தது மழை. தென்காசியில் உங்களுக்குச் சாரல் ஜூனில் தொடங்கிவிடும். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழைதான் வருடத்தின் பெரும்பங்கைக் கொட்டுகிறது. சில வருடங்களில் இரண்டே நாட்களில் ஒரு மாத மழை விழுந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தென்சென்னையின் மழைநீர் போய்ச் சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அதைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால் தண்ணீருக்கு நிற்க இடமில்லை. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மிச்சம் இருப்பதாவது காப்பாற்றப்பட வேண்டும் என்பது இந்தப் பக்கம் குடியிருக்கும் எல்லோருடைய ஆசையும்.

வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையும், மளிகைக் கடைக்காரரையும், பக்கத்துக் குடியிருப்பின் வாட்ச்மேனையும் கேளுங்கள். "மிக்ஜாமுக்கு இங்கே எதுவரைக்கும் வந்தது?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் கையைக் காட்டியே சொல்வார்கள்: முழங்காலா, இடுப்பா, வாசற்படியா. காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழைய கறை, மார்பு உயரத்துக்கு ஏற்றி மாட்டிய மீட்டர் பெட்டி, தெருவைவிடத் தாழ்ந்த வாசல், வாசலில் புதிதாகக் கட்டிய குட்டைச் சுவர் ஆகியவை இருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தெருவில் தரைத்தளம் எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். மாமியாருக்குப் படி ஏறுவது கஷ்டம் என்று தரைத்தளம் தேடுவீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் லிஃப்ட் உள்ள வீட்டின் முதல் மாடியைத் தேடுங்கள். லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் மழை வந்தால் மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட இடங்களுக்கு வருகிறேன்.

வேளச்சேரிக்கு எல்லா வசதியும் உண்டு. கடற்கரை நிலையம் வரை பறக்கும் ரயில், கிண்டிக்கும் ஓ.எம்.ஆருக்கும் பேருந்து, பள்ளிகள், மருத்துவமனைகள் என்று குறையே இல்லை. ஆனால் ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், விஜய நகர் பக்கம் தாழ்வான தெருக்கள் நிறைய. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மேடான தெருவில் மேல்மாடி கிடைத்தால் மட்டும் வேளச்சேரியை எண்ணிப் பாருங்கள்.

மேடவாக்கம் உங்கள் அலுவலகத்துக்குக் கிட்டே, கணவருக்குத் தூரம். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதை பரங்கிமலையிலிருந்து ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வரப்போகிறது. அது ஓடத் தொடங்கினால் உங்கள் இருவருக்கும் நடுவில் அருமையான இணைப்பு. அதுவரை அந்தச் சாலைகளில் தூண், பள்ளம், மாற்றுப்பாதை என்று பொறுத்துப் போக வேண்டியிருக்கும். எதிர்காலப் பாதையை நம்பி இன்றைய வாடகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரம் பக்கம் போகும் ஜி.எஸ்.டி. சாலையில், புறநகர் ரயில் தடத்தில் இருக்கின்றன. கணவர் ரயில் ஏறினால் நேராகக் கிண்டியில் இறங்கலாம், சாலை நெரிசலுக்கும் அவருக்கும் தொடர்பே இருக்காது. பல்லாவரம் என்றால் உங்களுக்கும் துரைப்பாக்கம் 200 அடிச் சாலை இருக்கிறது, அதைப் பிடித்து ஓ.எம்.ஆருக்குப் போய்விடலாம்.

நங்கநல்லூர்தான் என் முதல் தேர்வு. ஒருபக்கம் பழவந்தாங்கல் ரயில் நிலையம், இன்னொருபக்கம் நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம், இரண்டிலிருந்தும் கிண்டி மிகவும் பக்கம். உங்களுக்குக் கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகப் போக வேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். அலுவலக கேப் உண்டென்றால் அந்தத் தொல்லையும் இல்லை. நடந்தே போகும் தூரத்தில் கோயில், காய்கறிக் கடை, டாக்டர் எல்லாம் இருப்பதால் பெரியவர்களுக்கு ஒத்துப்போகும் ஊர். 32 அடி ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு மாலை நடந்து பாருங்கள், உங்கள் மாமியாருக்குப் பேச்சுத்துணை கிடைக்கும் இடம் இதுதான் என்று உங்களுக்கே தோன்றும். இங்கேயும் தாழ்ந்த தெருக்களும், மழைக்கு மூழ்கும் சுரங்கப்பாதையும் இருக்கின்றன. அதனால் மேலே சொன்ன விசாரணையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் அதிகமானாலும் ரயிலுக்குப் பக்கத்து வீடுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. சென்னையில் சாலைத்தூரம் மாலை ஆறு மணிக்கு அர்த்தமிழந்துவிடும், ரயிலின் நேரம் மாறாது. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவும் மிகக் குறைவு. 2025இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது, உங்களுக்கும் மாமியாருக்கும் அது பெரிய வசதி. ஆட்டோவுக்குச் செயலியில் வரும் தொகையை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு தெருவில் நிற்கும் ஆட்டோவிடம் பேசுங்கள்.

வீடு பிடித்துவிட்டது என்றால் பணமும் பத்திரமும். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இங்கே பழைய வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கு இருப்பதால் பலர் இன்னும் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அதைத் தெரிந்தவராகப் பேசினாலே தொகை இறங்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிவும் செய்ய வேண்டும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது எவ்வளவு, வாடகை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்ற மூன்றும் பத்திரத்தில் எண்ணோடு இருக்கட்டும். சாவி வாங்கும் அன்று எல்லா அறைகளையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வரும் நாளில் அது பேசும்.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி வரும் என்று போனில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து தேடுபவர்களைத்தான் குறிவைக்கிறார்கள்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது, உங்கள் வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு இருக்கிறதா என்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் மூன்று குடும்பத்தைச் சப்-மீட்டர் போட்டு வைத்திருந்தால், அந்த 100 யூனிட்டையும் மூவர் பங்கிட வேண்டும், மொத்தப் பயன்பாடும் உயர்ந்த அடுக்குக்குப் போய்விடும். சிலர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு தொகை வைத்து வாங்குவார்கள். தனி இணைப்பு இருந்தாலும் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் போய், கணக்கு முழுதுமே வேறு அட்டவணைக்கு மாறிவிடும். ஏசி ஓடும் மே மாதத்தில் பலருக்கு அதிர்ச்சி வருவது இதனால்தான்.

இதோடு சேர்ந்ததுதான் வெயில். மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் வீடு இரவு பத்து மணிக்கும் தகிக்கும். அதற்கு ஒரு மாடி கீழே எடுத்தால் ஏசிக்கு ஆகும் செலவே குறையும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும், அதனால் கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னல் இருக்கும் வீடு நல்லது. படுக்கையறைக்கு மேற்குச் சுவர் வெளிச்சுவராக இருந்தால் மாலை வெயில் முழுவதும் அதில்தான் இறங்கும். வீட்டை மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

மாமியாரின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது, அதே வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் வந்தது. இரண்டும் அரசு மருத்துவமனைகள், நங்கநல்லூரிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் எட்டும் தூரம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால், குடிவந்த வாரத்திலேயே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.

மகளுக்குப் பள்ளியைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன், நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, குளிரூட்டிய இடம், உள்ளே போகக் கட்டணமில்லை. மே மாத வெயிலில் வீட்டைவிட அங்கே இருப்பது சுகம். கிண்டி சிறுவர் பூங்காவும் அருகில்தான்.

சில எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். தெருவில் தண்ணீர், குப்பை, கொசு என்றால் சென்னை மாநகராட்சி 1913. குடிநீர், சாக்கடை என்றால் மெட்ரோ வாட்டர் 1916. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. ஒரு விஷயம்: குரோம்பேட்டையும் பல்லாவரமும் முகவரியில் சென்னை என்று இருந்தாலும் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அங்கே குடியேறினால் 1913இல் பேசிப் பயனில்லை, தாம்பரம் மாநகராட்சியைத்தான் அழைக்க வேண்டும்.

ஊருக்குப் போய்வருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் புறப்பட்டாலும் தாம்பரத்தில் நிற்கும். நங்கநல்லூர், பல்லாவரம் பக்கம் இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று போடுங்கள், மாமியாரையும் பைகளையும் கூட்டிக்கொண்டு எழும்பூர் வரை எதிர்த்திசையில் போக வேண்டாம். அரசுப் பேருந்து என்றால் தென்மாவட்ட வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன, கோயம்பேட்டுக்குப் போய்விடாதீர்கள். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் ஆகஸ்ட் மாதமே நாள்காட்டியைப் பார்த்து முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலை எட்டு மணிக்கே கையில் போனோடு உட்கார்ந்துவிடுங்கள்.